உப்பிப்போன குருணை

பெரியவங்க கட்டிக்கிற டயப்பருக்குள்ள பஞ்சும் குருணையும் குடியிருந்துச்சுங்க. பாக்க சீனியாட்டம் இருக்கும், ஈரம் பட்டா ஜவ்வரிசியா உப்பும், அந்தக் குருணை. அன்னிக்கு ராசாமணி அந்த டயப்பரக் கட்டிக்கிட்டு, ரொம்ப நாள் கழிச்சு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புனா. பட்டுச்சேலை நனைஞ்சா அவ இனிமே வாசப்படி தாண்டமாட்டா. அங்க பாயசம் அடிப்பிடிச்சது தனிக்கதை, விடுங்க.

ஈரம் பட்டதும் பஞ்சு மடக்குமடக்குனு குடிச்சிருச்சு. ராசாமணி பந்தியில உக்காந்தா.

"ஐயோ அக்கா, அமுக்குறாளே! கக்கிருவேன் போலருக்கே!"ன்னு பஞ்சு அலறுச்சு.

"எங்கிட்டத் தள்ளுடி"ன்னுச்சு குருணை. வாங்கி வாங்கி உப்பிப்போச்சு, மேலெல்லாம் வலி. எவ்வளவு அமுக்கியும் ஒரு சொட்டு விடல.

சேலை நனையல. சாயங்காலம் ரெண்டும் குப்பைத்தொட்டியில கிடந்துச்சு.

"ஒருத்தர்கூட நம்மளத் திரும்பிப் பாக்கலையேக்கா"ன்னு பஞ்சு முனகுச்சு.

"பாக்காம இருக்கத்தான்டி இம்புட்டுப் பாடு. பேசாமப் படு."