காதில் வைத்த ஸ்க்ரூடிரைவர்

மெக்கானிக் ரபீக் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைக் காரின் ஓடுகிற எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்துக் கண்களை மூடிக்கொண்டார். "சத்தம் எப்பல்லாம் வருது சார்?" தனகோபால் மனப்பாடமாக ஒப்பித்தான்: மேடு ஏறும்போது, காலையில் முதல் தடவை கிளப்பும்போது, பாரம் ஏற்றினால். போன பட்டறைகளிலெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லியும் அவன் நம்பவில்லை. "எனக்குத் தெரியாதா? வண்டியோட மூச்சே மாறிப்போச்சு." பின்சீட்டில் இருந்த அவன் மனைவி பிரமிளாவுக்கும் மாடி ஏறினால், குடம் தூக்கினால் நெஞ்சை அடைத்தது. "கேஸ்தான், சுடுதண்ணி குடி" என்று அவன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லியிருந்தான். இப்போது அவள் இருமினாள். "சும்மா இரு, அவரு கேக்கட்டும்" என்றான். ரபீக் கண் திறந்தார். "நீங்க சொன்னது சரிதான் சார். உள்ள வால்வைத் தள்ளுற டாப்பெட் லூசு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா எஞ்சினே போயிருக்கும்." தனகோபாலின் முகம் பூரித்துப்போனது. பிரமிளா இறங்கிவந்து அந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். முனையைத் தன் நெஞ்சில் வைத்து, பிடியை அவன் காதுப் பக்கம் நீட்டினாள். அவன் அதை வாங்கித் துணியால் துடைத்து ரபீக்கிடம் கொடுத்தான். "புதுப் புடவைல கறையாக்கிட்ட பாரு."