ஐம்பத்திரண்டில் இருபத்தெட்டு போக

டீச்சர் கரும்பலகையில் ஐம்பத்திரண்டு என்று எழுதினாள். அதன் கீழே இருபத்தெட்டு.

கோடு போடும்போது சாக்பீஸ் உடைந்தது.

வாசலில் அவன் நின்றிருந்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு, நிலைப்படியைத் தாண்டாமல். சாலையில் லாரி என்ஜினை அணைக்காமல் நின்றது. பாத்திர மூட்டைகளுக்கு நடுவே அவன் மனைவி, மடியில் கைக்குழந்தையோடு.

செங்கல் சூளைக்குப் போகிறார்கள். மழை பிடிக்கும்வரை அங்கேதான். இருவரும் கல் அறுக்கும் நேரத்தில் குழந்தைக்குத் தூளி ஆட்ட ஆள் வேண்டும்.

அவனுடைய இரண்டு பெண்களும் இந்த அறையில்தான் இருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று வகுப்புக்கும் இது ஒரே அறை.

சட்டத்தைச் சொல்லிப் பார்த்தாள். விடுதியைச் சொன்னாள். மேலே எழுதிப்போடுவேன் என்றும் சொன்னாள்.

“சட்டம் வந்து தூளி ஆட்டுமா டீச்சர்?” கோபம் இல்லாமல்தான் கேட்டான். “ரெண்டுல எது படிக்கலையோ அதக் குடுங்க. கேட்டுப் பாருங்க, நான் இங்கியே நிக்கறேன்.”

ஒப்புக்கொண்டாள்.

இரண்டும் படிக்கிற பிள்ளைகள். இரண்டும் சொல்லிவிட்டால் வெறுங்கையோடு போய்விடுவான் என்று கணக்குப் போட்டாள்.

மூன்றாம் வகுப்பு சங்கவி கரும்பலகை முன்னால் நின்றாள். நேற்று இதே மாதிரிக் கணக்கைத் தரையில் உட்கார்ந்து போட்டவள். பத்துப் பத்தாகக் கட்டிய விளக்குமாற்றுக் குச்சிகள். குச்சி போதவில்லை என்றால் ஒரு கட்டின் ரப்பரைக் கழற்ற வேண்டும்.

இன்று கையில் குச்சி இல்லை. முதுகுக்குப் பின்னால் அப்பா இருந்தார்.

சாக்பீஸ் எட்டின் அருகே போய் நின்றது.

ஒன்றாம் வகுப்பின் பாயில் கோபிகா, சின்னவள், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் உட்கார்ந்தபடியே எழுத, சுவரின் அடிப்பாகம் முழுக்கக் கரும்பலகை. தன் பங்குக் கட்டத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்புக்கு நடத்துவதெல்லாம் அவள் காதிலும் விழும். கேட்காமலே விடை சொல்லித் தினமும் அதட்டு வாங்குகிறவள்.

சங்கவி எட்டிலிருந்து இரண்டைக் கழித்தாள். ஆறு என்று எழுதினாள். ஐந்திலிருந்து இரண்டைக் கழித்தாள். மூன்று.

முப்பத்தாறு.

கட்டைப் பிரிக்கவில்லை.

மூன்றாம் வகுப்பில் ஒரு கை மேலே வந்தது. இன்னொன்று. டீச்சர் அந்தப் பக்கம் பார்த்தாள். கைகள் இறங்கின.

அவனுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. பலகையைப் பார்க்கவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டீச்சர் டிக் அடித்தாள். வழக்கத்தைவிடப் பெரிதாக.

பிள்ளைகள் டிக்கையே பார்த்தார்கள். கோபிகா ஒருமுறை பலகையைப் பார்த்தாள், ஒருமுறை டீச்சரைப் பார்த்தாள். பிறகு சட்டென்று திரும்பி, தான் எழுதியதன்மேல் முதுகை வைத்துச் சாய்ந்துகொண்டாள்.

அவன் முகம் இளகியது. “பெரியவ தேறிட்டா.” கொஞ்சம் யோசித்தான். “சின்னதயும் கேளுங்க. அதுவும் படிக்குதுன்னா பெரியவளையே இட்டுகினு போறேன். இடுப்புல தூக்குவா. எங்கக்கா ஊர்ல ஒண்ணத்தான் வெச்சிப் பாத்துக்கறேன்னுட்டா.”

இதை டீச்சர் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

எளிய கணக்காகக் கேட்டால் பெரியவள் போவாள். கடினமாகக் கேட்டால் சின்னவள்.

லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

“அஞ்சும் மூணும் எவ்ளோ கோபிகா?”

தன் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போல் கேட்டது.

கோபிகா அக்காவைப் பார்த்தாள். சங்கவி இன்னும் கரும்பலகையோடு ஒட்டி நின்றிருந்தாள், கையெல்லாம் வெள்ளையாக.

“விரல் விட்டு எண்ணு.”

கோபிகா விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

“தெரியல டீச்சர்.”

ஒன்றாம் வகுப்பில் ஒருவன் எட்டு என்றான். யாரும் திரும்பவில்லை.

அவனுக்குச் சிரிப்பு வந்தது, ஏமாற்றமும் வந்தது. இது போதும், தூளிக்கயிறு எட்டும் என்றான். டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டான். பையை எடுத்துக்கொள்ளச் சொன்னான்.

டீச்சர் வாசலுக்கு வந்தாள். வாயைத் திறந்தாள். கணக்கு தப்பு என்று சொன்னால் பெரியவள். சின்னவளுக்குத் தெரியும் என்று சொன்னாலும் பெரியவள்.

கோபிகா பையைத் தோளில் போடவில்லை. மாரோடு அணைத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வேர்வையில் ஈரமான அரக்குச் சீருடையின் முதுகில் சாக்பீஸ் எழுத்து ஒட்டியிருந்தது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் மாறி.

முதலில் நான்கு. அடுத்து இரண்டு.

டீச்சர் உள்ளே திரும்பிப் பாயின் பக்கம் பார்த்தாள். சுவரில் பாதி கலைந்தபடி மீதி இருந்தது. இருபத்து நான்கு.

சங்கவியும் பார்த்தாள். முதுகை, பிறகு சுவரை, பிறகு பலகையில் தன் முப்பத்தாறை.

யாரும் சொல்லாமல் டஸ்டரை எடுத்தாள்.

முதலில் டிக்கை அழித்தாள்.

குச்சிப் பெட்டிக்குப் போனாள். ஒரு கட்டை எடுத்து ரப்பரைக் கழற்றினாள். பத்துக் குச்சிகளும் தரையில் விழுந்து சிதறின.

“அப்பா” என்றாள். சத்தம் வரவில்லை.

வெளியே லாரியின் பின்கதவைத் தூக்கி மாட்டிக்கொண்டிருந்தார்கள். சங்கவி இன்னொரு முறை கூப்பிட மூச்சை இழுத்தாள்.

வாசலில் நின்ற டீச்சர் வழியை விட்டு விலகவும் இல்லை, மறிக்கவும் இல்லை.