பாஸ்டர் சொன்ன ஆமென்

"கர்த்தாவே! வர்ற வெள்ளிக்கிழமை தீர்ப்பு எங்க பக்கம் வரணும். எங்க சந்துப் பாதைய அடைச்சு ஓலை வேலி கட்டினாளே அந்தப் பக்கத்து வீட்டுக்காரி, அவ கையை முடக்கிப் போடும் ஆண்டவரே! விளங்காம போகட்டும் அந்தக் கை!"

எப்சிபா கண்ணை இறுக மூடிக்கொண்டு, கூடமே அதிரும்படி ஜெபித்தாள். எதிரே முழங்காலிட்டிருந்த பாஸ்டர் ஞானசிகாமணிக்கு ஒரு கணம் சுருக்கென்றது. ஆனாலும் இருபது வருஷத்துப் பழக்கம், வாய் தானாகவே "ஆமென்" என்று உரக்கச் சொல்லிவிட்டது.

அவர் திருவண்ணாமலைக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. எப்சிபாவின் மாமியார் லேயாம்மாள் பக்கவாதத்தில் விழுந்து, பேச்சும் போய் நாலு மாதம். அந்த அம்மாளுக்காக ஜெபிக்கத்தான் பெரிய கோயிலின் பே கோபுரத்துப் பக்கமிருந்த இந்த வீட்டுக்குச் சைக்கிளை மிதித்து வந்திருந்தார். வந்த இடத்தில் அரை மணி நேரமாகச் சந்து கேஸ்தான் கர்த்தரிடம் நடந்துகொண்டிருந்தது. முன்சீப் கோர்ட்டில் ஏழு வருஷமாக இழுக்கிற கேஸ்.

அப்போது பின்கட்டு அறையிலிருந்து ஒரு பெண்குரல் கிளம்பியது.

"ஏ கெழவி! ஒடம்ப வெறப்பா வச்சிக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது? உன்னைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு ஒடியுது!"

பாஸ்டர் திடுக்கிட்டார். "யாரும்மா அது?"

"அது... அவங்க எப்பவும் அப்படித்தான் பாஸ்டர். வாய் ஜாஸ்தி. நீங்க கண்டுக்காதீங்க. நாம இன்னொரு பாட்டுப் பாடலாம்" என்று எப்சிபா அவசரமாகப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள்.

இந்த வீட்டில் மூத்த மருமகள் ஒருத்தி உண்டென்றும், வேற்று மதத்திலிருந்து வந்த அவள் சபைப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்றும் யாரோ சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. எழுந்து விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போனார்.

போனவர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். நாற்றம் அப்படி.

கட்டிலில் லேயாம்மாளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள் ஒரு நடுவயதுப் பெண். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். கைகளில் முழங்கை வரைக்கும் புதிதும் பழசுமாகக் கீறல்கள்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள கண்ண மூடிடலாம்னு பாக்காத. அன்னைக்கு நான் சிரிக்கிறத நீ பாத்தே ஆவணும். அது வரைக்கும் உன்னை விடமாட்டேன்" என்று பல்லைக் கடித்தபடி, அடியில் கிடந்த துணியை உருவினாள்.

பாஸ்டருக்கு ரத்தம் கொதித்தது. "வாயை மூடும்மா! கிடையில கிடக்கிற பெரியவங்ககிட்ட பேசுற பேச்சா இது? எப்சிபாவும் இந்த வீட்டு மருமகதானே? ஒரு நாள் தவறாம முழங்கால்ல நிக்குது!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நிக்கட்டும். பீத்துணி அலசறதுக்கு ஆள் வேணுமில்ல?"

"எனக்கு அந்த நாத்தம் ஒத்துக்கலைங்க பாஸ்டர், குமட்டுது" என்று பின்னாலிருந்து எப்சிபா முணுமுணுத்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். "ஆனா ஜெபம் மட்டும் ஒரு நாளும் விட்டதில்ல."

"கேட்டியா? அதுக்குப் பேர் விசுவாசம்" என்றார் பாஸ்டர். அவருடைய கைக்குட்டையும் மூக்கருகே போயிருந்தது. "மனசு பூரா வெறுப்பை வெச்சுக்கிட்டு நீ செய்ற வேலை ஆண்டவருக்கு வேண்டாம். இனிமே இந்தம்மாவைத் தொடாத. வெளியே போ!"

அந்தப் பெண் துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். ஆனால் நகர முடியவில்லை. லேயாம்மாளின் விளங்குகிற கை அவள் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. கிழவியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"கேட்டியா கெழவி? போவச் சொல்றாரு. விடு முந்தானைய."

கிழவி விடவில்லை.

அவள் எட்டி, வாசலில் நின்றவரிடம் கிண்ணத்தை நீட்டினாள். "அப்ப இந்தாங்க. மத்தியானம் ஒரு வாட்டி, பொழுது சாய ஒரு வாட்டி பொரட்டிப் போடணும். இல்லேன்னா முதுகு பூரா புண்ணாயி ஒரு மாசம் தாங்காது. யார் செய்யறீங்க? நீங்களா, அவங்களா?"

எப்சிபா தலையைக் குனிந்துகொண்டாள். பாஸ்டரின் கை கிண்ணத்துக்கு நீளவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது அவருக்கு. அதை மறைக்கக் குரலை உயர்த்தினார்.

"மூத்த மருமக நீ இருக்கும்போது எங்களைக் கேக்கிறியே, அது உன் கடமை இல்லியா?"

"மருமவளா?" அவள் சிரித்தாள். "அவ புருசனோட பெங்களூருக்குப் போயி ஆறு மாசமாச்சே!"

பாஸ்டர் விழித்தார். திரும்பிப் பார்த்தார். எப்சிபாவின் முகம் வெளுத்திருந்தது.

சோப்பு நுரை சொட்டும் வலது கையை, வேலி ஓலை கிழித்த அந்தக் கீறல்கள் தெரிய, அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள் அவள்.

"இப்பதான் முடங்கிப் போவட்டும்னு ஆமென் சொன்னீங்களே, அந்தக் கை இதுதாங்க."