முன் படம், பின் படம்

"ஏலே மூக்கையா, அந்த ஒத்தச் செருப்பைத் தண்ணிக்குக் கிட்டக்கப் போடு. நேத்தும் இதே எடத்துலதான கெடந்துச்சு?"

"தண்ணிக்குக் கிட்டக்கப் போட்டா அலை இழுத்துட்டுப் போயிரும் மதினி. அப்புறம் செருப்புக்கு எங்க போறது? ஊர்ல ஒரு பய இப்பக் கீழ போடுறதே இல்ல."

பூமயிலுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

தேவிபட்டினத்துக்கு வடக்கே உள்ள அந்தக் கரையைச் சுத்தம் செய்ய 'நீலக்கரை' நிறுவனம் வைத்திருந்த குழுவுக்கு அவள்தான் தலைவி. குழு என்றால் பெரிய படை இல்லை. அவள், கொழுந்தன் மூக்கையா, போனில் படம் பிடிக்க மீனவர் தெரு ஆஸ்லின். அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்தபோது கரையில் கால் வைக்க இடம் கிடையாது. பரிகாரத்துக்குக் கடலில் முங்கி எழுந்தவர்கள் விட்டுப்போன வேட்டி சேலை, பாட்டில், அறுந்த வலை. பொறுக்கிப் பொறுக்கி இடுப்பு விட்டுப்போனது. கீழே போட்டவனை வீட்டு வாசல்வரை துரத்திப்போய் வைதாள் பூமயில். அவள் வாய்க்குப் பயந்தே ஊர் திருந்தியது. கரை, கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி ஆனது.

வினையே அங்கேதான் வந்தது.

நிறுவனம் எல்லாவற்றையும் போனுக்கு மாற்றிவிட்டது. குப்பையோடு ஒரு முன் படம், அள்ளிய பிறகு ஒரு பின் படம். இரண்டும் ஏறினால்தான் செயலியில் வேலை பதியும். சுத்தமான கரையைப் பிடித்து அனுப்பினால், 'குப்பை இல்லை. பணி ஏற்கப்படவில்லை' என்று சிவப்பில் எழுத்து வந்து நின்றது. வேலை பதியாத குழுவைக் கலைத்துவிடுவார்களாம்.

பூமயில் என்ன செய்வாள்? ஒரு மூட்டை குப்பையைத் தேடிச் சேர்த்துக் கொட்டகையில் வைத்துக்கொண்டாள். விடிந்ததும் கொட்டுவது, படம். அள்ளுவது, படம். மறுபடி மூட்டை கட்டிக் கொட்டகைக்கு. பெற்ற பிள்ளைகளைக்கூட அவள் அத்தனை பத்திரமாகப் பார்த்துக்கொண்டதில்லை.

"அக்கா, ஜீப்பு வருது! ஆபீஸ் ஜீப்பு!" என்று கத்தினாள் ஆஸ்லின்.

மூக்கையா வேகவேகமாக அள்ளினான். பாதி மூட்டைக்குள் போவதற்குள் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் சகாயவினோத் மணலில் இறங்கி வந்துவிட்டார். கையில் பெரிய டேப்லெட்.

"இங்கன பூமயில் யாரும்மா?"

"நாந்தேன் சார்."

அவர் டேப்பைத் திருப்பிக் காட்டினார். "இந்தப் படத்துல ஒரு நீல வலை. இதுல பாருங்க, அதே வலை. மஞ்சக் கேன், ஒத்தச் செருப்பு, பூப்போட்ட சேலை, எல்லாம் எல்லாப் படத்துலயும் இருக்கு. ஆப்பு கண்டுபிடிக்கல. நான் கண்டுபிடிச்சிட்டேன்."

ஆஸ்லின் போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். மூக்கையா கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

"பொய் சொல்லல சார்," என்றாள் பூமயில். "கரையைச் சுத்தமா வச்சிருந்தோம், அதுதேன் நாங்க செஞ்ச குத்தம். வேலை இல்லைன்னு எங்களைக் கலைச்சுப் பாருங்க, ஒரே மாசத்துல பழையபடி குப்பைமேடாப் போயிரும்."

அவர் குனிந்து மூட்டைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா, இன்னும் இருக்கா?"

"கொட்டகையில இன்னும் கொஞ்சம் கெடக்கு சார்." மறைத்து இனி என்ன ஆகப்போகிறது?

"நாத்தம் அடிக்குமா?"

"அதெல்லாம் இல்ல சார். இவன் அப்பப்ப சோப்புப் போட்டு அலசிருவான்."

"மதினி!" என்று பல்லைக் கடித்தான் மூக்கையா. "என்னைய ஏன் இழுத்து விடுற?"

"கண்ணாடிச் சில்லு, ஆணி, கையைக் கிழிக்கிற மாதிரி ஏதாச்சும்?"

"ஒண்ணும் கெடையாது சார். பச்சப்புள்ளை கூட எடுத்து வெளையாடலாம்."

"காத்துல பறக்குமா?"

"மேல வலையை விரிச்சுப் போட்டா அசையாது."

ஒவ்வொரு கேள்விக்கும் அவர் தலையை ஆட்டி ஆட்டி டேப்பில் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு பதிலும் தன் தலையில் தானே அள்ளிப் போட்டுக்கொள்ளும் மண் என்று பூமயிலுக்குத் தெரிந்தது. மறுபடி கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடத்தான் போக வேண்டும். நினைத்தபோதே உள்ளங்கை எரிந்தது.

"கொட்டகையில இருக்கதையும் கொண்டாங்க. மொத்தத்தையும் ஜீப்புல ஏத்துங்க," என்றார்.

ஆஸ்லின் அழ ஆரம்பித்துவிட்டாள். "சார், போலீஸுக்கா சார் கொண்டு போறீங்க?"

"நான்தேன் தலைவி," என்று முன்னால் வந்து நின்றாள் பூமயில். "என்ன கேக்கணுமோ என்னைய மட்டும் கேளுங்க. இதுக ரெண்டும் நான் சொன்னதைச் செஞ்சதுக."

சகாயவினோத் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"அட, போலீஸ் எதுக்கும்மா? ஒங்க வேலைக்கு ஒண்ணும் வராது, அதுக்கு நான் பொறுப்பு. நாளைக்கு நம்ம பெரிய முதலாளி வெளிநாட்டு விருந்தாளிகளோட மண்டபம் பக்கம் நான் பாக்குற இன்னொரு கரைக்கு வாராரு. அவங்க கையாலயே குப்பை அள்ளிப் படம் எடுக்கணுமாம். ஒரே ஒரு நாள் இரவலாக் குடுங்க, சாயங்காலம் பத்திரமாக் கொண்டாந்து சேத்துருவேன். நாங்க வச்சிருந்த மூட்டையை எவனோ நெசக் குப்பைன்னு நெனச்சு அள்ளிட்டுப் போயிட்டான்!"