சோல்ஹாவைத் தேடியவர்

சியோல் இசை நிறுவனத்தில் அன்று மூவர் இருந்தனர்: தலைவர் க்வாக், புதிதாக வந்த வக்கீல் நோ, கணினி முன் இன்யோங்.

பாடகி சோல்ஹாவை இணையத்தில் மக்கள் தேடினால்தான் அவளுடைய ஒப்பந்தம் நீளும். இன்யோங் எழுதிய நிரல் ஓராண்டுத் தேடல் கணக்கைப் பதிவிறக்கியது.

“எல்லா வாரமும் பூஜ்யம், தலைவரே.”

“புரோகிராம்ல கோளாறு இருக்கும். மறுபடி ஓட்டும்மா.”

“மூணு தடவை ஓட்டிட்டேன்.”

நோ சிரித்தார். “பெத்த அம்மாகூடவா தேடல?”

“ஒரே ஆள் திரும்பத் திரும்பத் தேடினா கணக்குல சேராது, சார்.”

“அப்படி யாரு தேடினா?”

“நான்தான். சோல்ஹா என் மேடைப் பேரு.”

நோவின் சிரிப்பு நின்றது.

“ஒப்பந்தம் முடிஞ்சாலும் ஆபீஸ் வேலைக்கு நாளைக்கும் வாம்மா,” என்றார் க்வாக்.

“பாடத்தான் வந்தேன், தலைவரே.”

தன்னிடமிருந்த அலுவலகச் சாவியை மேசையில் வைத்துவிட்டு அவள் வெளியேறினாள். அன்று மாலை க்வாக் அதே சாவியால் கதவைப் பூட்டினார்.