கண்ணாடி பிடிக்கும் கை

“கண்ணாடி பிடிக்க அவதான் கிடைச்சாளா, அத்தை? இந்தக் கை என்ன பாவம் பண்ணுச்சு?”

சாப்பாட்டு மேசையில் அப்போது இருந்தவர்கள்: மாமியார், அவருடைய மகன்கள் இருவர், கேள்வி கேட்ட பெரிய மருமகள், மடியில் மூன்று மாதக் குழந்தையோடு சின்ன மருமகள்.

“சாப்பிடற இடம். மெதுவாப் பேசு” என்றார் மாமியார்.

தன் நீர்ப்பை சரியாகச் சுருங்குவதில்லை என்று அவரே வீட்டில் சொல்லியிருந்தார். சிறுநீர் தேங்கினால் கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிடும். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை போய் உட்கார வேண்டும். சற்றுப் பொறுத்து மறுபடி முயல வேண்டும். மிச்சத்தை மெல்லிய குழாய் வைத்து எடுக்க வேண்டும். இடம் தெரிய எதிரே ஒருவர் கண்ணாடி பிடிக்க வேண்டும்.

சின்னவளின் போனில் அலாரம் அடித்தது. குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். பின்னாலேயே மாமியார். குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சிரிப்புச் சத்தம்.

பெரியவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“பன்னெண்டு வருஷமா மாடா உழைக்கறேன். நேத்து வந்தவகூடக் கதவைச் சாத்திக்கிட்டுச் சிரிப்பு!”

“பாத்ரூம் போறதுக்குமா போட்டி?” என்றான் பெரியவன்.

“நம்பிக்கைங்க அது! உங்களுக்கு எங்கே புரியும்?”

சின்னவன் குழந்தையின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மாமியார் தனியாகத் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போனார். இரண்டு நாள் தங்கல். பத்து மணிக்குக் குளியலறைக்குள் போன பெரியவள், கொக்கியில் குழாய்ப் பை தொங்குவதைப் பார்த்தாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலிருந்தது. போனை எடுத்தாள்.

“அத்தை, பையை மறந்துட்டீங்களே! உங்க செல்ல மருமக ஞாபகப்படுத்தினாளா, பாருங்க! நானா இருந்தா விட்டிருப்பேனா? இப்பவே எடுத்துக்கிட்டு வரேன்.”

“மறக்கலை. வெச்சுட்டுத்தான் வந்தேன். கை என்ன பாவம் பண்ணுச்சுன்னு கேட்டியே, போய்க் கண்ணாடியைப் பிடி. அவளை அவசரப்படுத்தாதே. பிரசவத்துல அடிபட்ட நரம்பு, மெல்லத்தான் தேறும். நம்ம வீட்டுப் பொண்ணு பேர் வெளியே அடிபடக் கூடாதுன்னு என் பேர்ல போட்டுக்கிட்டேன். எனக்கு நீர்ப்பை பலமில்லைன்னு தெருவரைக்கும் பேச்சாம். தப்பு. என் உடம்புல ஒரு குறையும் கிடையாது.”