ஏழாம் மூங்கில்

லாங்டாங் பனியாறு எவ்வளவு உருகுகிறது என்று அளக்க, பனியில் நாங்கள் துளைபோட்டு இறக்கிய மூங்கில்கள் ஒன்பது. மழைக்காலம் முடிந்ததும் நானும் என் மைத்துனன் கியுர்மேயும் ஏறுவோம். பனி எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே மூங்கிலில் ஒரு கோடு கீறி, வருஷத்தைப் போட்டு, அவரவர் பெயரை அவரவரே வெட்டுவோம். பனி மெலிய மெலியக் கோடும் கீழே இறங்கும்.

ஏழாவது மூங்கிலில் இந்த வருஷக் கோடு எண்பது சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. பெயரை வெட்டி முடித்தபோதுதான் கவனித்தேன். மூங்கிலைச் சுற்றிப் பனி உருகிய குழியில் தண்ணீர் தெளிந்து கிடந்தது. அதற்கடியில் இன்னொரு கோடு. பக்கத்தில் வெட்டியிருந்தது அடுத்த வருஷத்து எண்.

"டேய், விளையாடுறியா? இதை எப்படா வெட்டினே?"

"நானா? மூங்கிலை இறக்கின நாள்லேர்ந்து அந்த இடம் பனிக்குள்ளதானே மச்சான் இருக்கு!"

கோட்டின் கீழே வழக்கம்போல எங்கள் பெயர்கள் இரண்டும் இருந்தன. இரண்டுமே கியுர்மேயின் கோணல் எழுத்து.

அவன் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தான்.

"அடுத்த வருஷம் உனக்குக் கைவலியோ என்னமோ," என்றான்.

எண்பது என்று நோட்டில் எழுதிக்கொண்டோம். இறங்கும்போது எப்போதும் எனக்கு முன்னால் ஓடுகிறவன், அன்று அடிவாரம் வரை என் கையை விடவே இல்லை.